ஓ.டி.சி. வண்டிக்கு வழியும் அனுமதியும் தேடும் நிரல்: எண்ணூர் – விழுப்புரம் செய்முறைப் பதிவு

சரக்கு 96 டன் டிரான்ஸ்ஃபார்மர். சட்ட வரம்பைத் தாண்டிய இத்தகைய சரக்குக்கு ஓ.டி.சி. (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) என்று பெயர். நீளம் 7.2 மீட்டர், அகலம் 3.4, உயரம் 4.05. எண்ணூர் துறைமுகத்தில் இறங்கி விழுப்புரம் பக்கத்தில் ஒரு துணைமின்நிலையத்துக்குப் போக வேண்டும். இந்த அளவுகளையும் டிரெய்லர் விவரத்தையும் கொடுத்தால், பாதை, வழியிலுள்ள தடைகள், பாலம்வாரிக் கணக்கு, துறைவாரி விண்ணப்பக் கட்டு ஆகிய நான்கும் வெளியே வரும் நிரல் இப்போது ஓடுகிறது. முழுத் தானியங்கி அல்ல. எதை நேரில் போய் அளக்க வேண்டும், எதைப் பால எஞ்சினியரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் இதன் பெரிய பயன்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சாதாரண லாரிக்கு அகல வரம்பு 2.6 மீட்டர், உயரம் 4 மீட்டர். 2018 ஜூலை அறிவிக்கைக்குப் பிறகு மொத்த எடை அதிகபட்சம் 55 டன். இதைத் தாண்டும், பிரித்து ஏற்ற முடியாத சரக்குக்குத்தான் ஓ.டி.சி. அனுமதி. அனுமதி இல்லாமல் அதிக எடையோடு பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், வண்டி பாதி வழியில் நிறுத்தப்படுவது. புல்லர் (டிரெய்லரை இழுக்கும் வண்டி), டிரெய்லர், ஆட்கள் எல்லாருக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் கட்டம்: ஆக்சில் கணக்கு

வழியைத் தேடுவதற்கு முன் வண்டி எது என்று தீர்மானித்தாக வேண்டும். ஹைட்ராலிக் மாடுலர் டிரெய்லரில் (வரிசைகளைச் சேர்த்து நீட்டலாம், எண்ணெய் அழுத்தத்தால் தளம் ஏறி இறங்கும்) ஒரு ஆக்சில் வரிசைக்கு எட்டு டயர், வரம்பு 18 டன், வரிசைகளுக்கு இடையே 1.5 மீட்டர். ஒரு வரிசையின் சொந்த எடையை 4 டன் என்று வைத்தோம். உங்கள் டிரெய்லரின் தயாரிப்பாளர் ஏட்டிலுள்ள எடையைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரோடு தாங்கு உத்திரம், சங்கிலி, மரக்கட்டை எல்லாம் சேர்த்துச் சுமை 100 டன்.

எட்டு வரிசை போட்டால் 100 + 32 = 132 டன், வரிசைக்கு 16.5. வரம்புக்குள் இருக்கிறது, வாடகையும் குறைவு. ஆனால் இந்த 16.5 சராசரி மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மரின் எடைமையம் அதன் நடுப்புள்ளியில் இருப்பது அரிது. ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். முன் நான்கு வரிசை ஒரு எண்ணெய்ச் சுற்று, பின் நான்கு இன்னொரு சுற்று என்று இணைத்தால் இரண்டு குழுக்களின் மையங்களுக்கு இடையே 6 மீட்டர். எடைமையம் 30 செ.மீ. முன்னால் தள்ளினால் 100 × 0.3 ÷ 6 = 5 டன் முன்குழுவுக்குக் கூடி, பின்குழுவில் குறையும். முன் வரிசை ஒவ்வொன்றும் 17.75 டன், பின் வரிசை 15.25. அதே 40 செ.மீ. என்றால் முன் வரிசை 18.17, வரம்பு போய்விட்டது. எனவே நிரல் எடைமையத் தூரத்தைக் கட்டாயம் கேட்கும். கொடுக்காவிட்டால் மேலே நகராது. தயாரிப்பாளரின் வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

பத்து வரிசை போட்டால் மொத்தம் 140 டன், வரிசைக்கு 14. குழு மையங்கள் 7.5 மீட்டர் தள்ளியிருப்பதால் அதே 30 செ.மீ. பிசகில் 14.8, 13.2 என்றே பிரிகிறது. 25 டன் புல்லரையும் சேர்த்தால் மொத்த எடை எட்டு வரிசையில் 157 டன், பத்து வரிசையில் 165. எட்டு டன் கூடுதலான வண்டியே பல பாலங்களுக்கு நல்லது என்பது மூன்றாம் கட்டத்தில் தெரியும்.

உயரத்துக்கு இரண்டு எண் வேண்டும். தளம் ஓடும் நிலையில் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்றால் மொத்தம் 5.20. சிலிண்டர்களை இறக்கி 0.90க்குக் கொண்டுவந்தால் 4.95. இறக்கிய நிலையில் மெதுவாகக் கொஞ்ச தூரம்தான் போக முடியும். ஆகவே தடை 5.30க்கு மேல் இருந்தால் தாராளமாகப் போகலாம், 5.05க்கும் 5.30க்கும் இடையே இருந்தால் இறக்கிப் போகலாம். அதற்கும் கீழே வழியில்லை. 10 செ.மீ. இடைவெளி இரண்டிலும் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் கட்டம்: வழித்தேடி, அதன் தவறான பச்சை

வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், வழித்தேடி வால்ஹல்லா, தடைகளை வைக்க போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம். மூன்றும் இலவசம். தென்னிந்தியப் பகுதியை மட்டும் இறக்கிக்கொண்டால் 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும்.

வால்ஹல்லாவின் லாரி அமைப்பில் உயரம் 4.11 மீட்டர், மொத்த எடை 21.77 டன், ஆக்சில் எடை 9.07 டன் என்று முன்கூட்டியே போட்டிருக்கும். 13 அடி 6 அங்குலம், 48,000 பவுண்டு, 20,000 பவுண்டு என்ற அமெரிக்க அளவுகளின் மீட்டர், டன் வடிவம் அவை. அவற்றை மாற்றி 5.20, 3.4, 165 என்று கொடுத்தவுடன் நொடியில் பாதை வந்தது. கார் போகும் அதே பாதை.

காரணம் எளிது. வரைபடத்தில் பாலத்துக்கு உயர வரம்போ எடை வரம்போ எழுதியிருந்தால்தான் வழித்தேடி அதைப் பார்க்கும். எழுதாத இடத்தில் தடையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பாலங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டம் காலி. 165 டன் வண்டியை எந்தச் சிறுபாலத்தின் மீதும் அது அனுப்பிவைக்கும். வேலை முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் திசை மாறியது. காலிக் கட்டத்துக்குத் ‘தெரியாது’ என்றுதான் பொருள். ‘போகலாம்’ என்று நிரல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே வழித்தேடியின் பதிலை முடிவாக வைத்துக்கொள்ளாமல் முதல் வரைவாக மட்டும் வைத்தோம். அந்தப் பாதையை வரைபடத்தோடு பொருத்தி, அது தொடும் சாலைத் துண்டுகளின் எண்களை எல்லாம் எடுக்க வேண்டும். பிறகு அவற்றில் பாலம், மேலே குறுக்கிடும் பாலம், ரயில்வே கேட், டோல் பிளாசா, உயரத் தடுப்புச் சட்டம், மின்கம்பிக் குறுக்கீடு ஒவ்வொன்றையும் தனி வரியாகத் தடைப் பட்டியலில் இறக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று நிறம்: அளந்து சரி என்றால் பச்சை, அளந்து போதாது என்றால் சிவப்பு, அளவே இல்லையென்றால் சாம்பல். சாம்பல் ஒன்று மிச்சம் இருந்தாலும் விண்ணப்பக் கட்டு உருவாகாது. சிவப்பு விழுந்த இடத்தைத் தவிர்க்கும் புள்ளியாக வழித்தேடிக்குக் கொடுத்தால் அது மாற்றுப்பாதை தேடும். அந்தப் பாதைக்கும் புதிய சாம்பல் பட்டியல் பிறக்கும்.

எண்ணூரிலிருந்து மீஞ்சூர் பக்கம் வந்து வெளிவட்டச் சாலை, வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலை, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்பதுதான் கடைசியில் நின்ற பாதை. நகரத்துக்குள் நுழையும் குறுக்குவழிகள் எல்லாம் சிவப்பில் விழுந்தன.

இன்னொரு சிக்கல் ஒருவழி விதி. நான்குவழிச் சாலையில் இடப்புறம் போக முடியாத இடத்தில், போலீஸ் துணையோடு மீடியனைத் திறந்து எதிர்ப்பாதையில் ஏற்றுவது ஓ.டி.சி. வேலையில் வழக்கம். வழித்தேடிக்கு இது தெரியாது; கிலோமீட்டர் கணக்கில் சுற்றிவிடும். ஒருவழி விதியை அணைத்த இரண்டாவது அமைப்பு ஒன்றை வைத்து, சிவப்புப் புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுக்கு மட்டும் அதை ஓட்டினோம். அதில் வரும் வழி எதுவும் தானாகப் பச்சை ஆகாது. ‘காவல்துறை ஒப்புதல் தேவை’ என்ற குறிப்போடுதான் வரும்.

மூன்றாம் கட்டம்: பாலக் கணக்கு

தொடக்கத்தில் மொத்த எடையை மட்டும் பாலத்தின் வரம்போடு ஒப்பிடும் விதி இருந்தது. அது இரண்டு பக்கமும் தப்பான பதில் தரும். பாலத்தின் உத்திரத்தை வளைப்பது மொத்த எடை மட்டுமல்ல; அந்த எடை எவ்வளவு நீளத்தில் பரவியிருக்கிறது என்பதும்தான்.

மாற்று முறை: பாலம் எந்த வண்டிக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த வண்டியின் வளைவு விசையையும் (உத்திரத்தை அது வளைக்கும் அளவு, டன்-மீட்டரில்), நம் டிரெய்லரின் வளைவு விசையையும் ஒரே இடைத்தூரத்தில் (இரு தாங்கிகளுக்கு நடுவே உள்ள நீளம்) கணக்கிட்டு ஒப்பிடுவது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 நெறியில், பாலத்தை வடிவமைக்கக் கணக்கில் எடுக்கும் 70ஆர் சக்கர வண்டி 100 டன். ஆக்சில்கள் 8, 12, 12, 17, 17, 17, 17 டன், இடைவெளிகள் 3.96, 1.52, 2.13, 1.37, 3.05, 1.37 மீட்டர். பைத்தானில் முப்பது வரிக்குள் அடங்கும்: ஆக்சில் வரிசையைப் பாலத்தின் மீது 10 செ.மீ. நகர்த்தி நகர்த்தி, ஒவ்வோர் ஆக்சிலின் கீழும் வளைவு விசையைக் கணக்கிட்டு, மிகப் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கையால் ஒரு கணக்குப் போட்டு நிரலைச் சரிபார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

இரு முனையிலும் தாங்கிய 12 மீட்டர் பாலத்தில் 70ஆர் வண்டி கொடுப்பது ஏறத்தாழ 150 டன்-மீட்டர். ஓடும் வண்டியின் அதிர்வுக்கு 25 சதவீதம் கூட்டினால் 187. நம் எட்டு வரிசை டிரெய்லர் கொடுப்பது 199.5. பத்து வரிசை டிரெய்லர் 169. எட்டு டன் கூடியும் வளைவு விசை குறைந்ததற்குக் காரணம், வரிசைக்கு 14 டன்னாகச் சுமை பரவியதும், 13.5 மீட்டர் நீள டிரெய்லர் 12 மீட்டர் பாலத்துக்குள் முழுதாக அடங்காததும். எட்டு வரிசைக்குத் தடையான இத்தகைய சிறிய பாலங்கள் பத்து வரிசைக்கு வழிவிட்டன. இரண்டு வரிசைக்கான கூடுதல் வாடகை இங்கே திரும்பி வந்துவிடுகிறது.

நீளமான பாலத்தில் கதை வேறு. 30 மீட்டரில் 70ஆர் 588, அதிர்வு 12.5 சதவீதம் சேர்த்தால் 662. எட்டு வரிசை 793, பத்து வரிசை 788. வரிசை கூட்டியும் பயனில்லை. இரண்டுமே கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிகம். செங்கல்பட்டுக்கு அருகே பாலாற்றைக் கடக்கும்போது இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. நீளப் பாலத்தில் பாலத்தின் சொந்த எடையே பெரும்பங்கு என்பதால், ஓடும் சுமையில் 20 சதவீதம் கூடுவது மொத்தத்தில் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை நிரலுக்கு இல்லை. நம் டிரெய்லரின் வளைவு விசையை அதிர்வு சேர்த்த 70ஆர் எண்ணால் வகுத்த விகிதம் 1.0க்குக் கீழே என்றால் பச்சை. மேலே என்றால் கணக்குத் தாளோடு பால எஞ்சினியரிடம் போகும். பழுதுற்ற பாலங்களின் பட்டியலில் இருப்பது எதுவானாலும் விகிதத்தைப் பார்க்காமலே சிவப்பு.

நம் டிரெய்லரின் எண்களில் அதிர்வைக் கூட்டவில்லை. அப்படி விடுவதற்கு ஒரு விலை உண்டு. வண்டி பாலத்தின் மீது 5 கி.மீ. வேகத்தில், நடுக்கோட்டில், பிரேக் போடாமல், வேறு வண்டி எதுவும் ஏறாமல் கடக்க வேண்டும். 385 டன் சிறப்பு வண்டிக்கு ஐ.ஆர்.சி. 6 வைக்கும் நிபந்தனையும் இதே வகை. நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ.தான் விலகலாம். நிரல் பச்சை கொடுக்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் இந்த நான்கு வரிகளை ஓட்டுநர் தாளில் அச்சிடுகிறது. ஓட்டுநர் 20 கி.மீ. வேகத்தில் ஓரமாகப் போனால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.

நான்காம் கட்டம்: சாம்பலை அழிக்கும் அளவை

இதற்கு வாங்கியவை: லேசர் தூரமானி சுமார் 4,000 ரூபாய், 30 மீட்டர் டேப், நீட்டி மடக்கும் ஃபைபர் கம்பம், நீர்மட்டம். மின்கம்பி உயரத்துக்கு அல்ட்ராசோனிக் கேபிள் உயரமானியை வாடகைக்கு எடுப்பது நல்லது. கம்பிக்குக் கீழே உலோகக் கம்பத்தை நிமிர்த்தவே கூடாது. லேசர் மெல்லிய கம்பியில் படாமல் வானத்துக்குப் போய்விடும். நடுப்பகல் வெயிலில் பாலத்தின் அடியில்கூடச் லேசரின் சிவப்புப் புள்ளி தெரியாது. கான்கிரீட் பாலங்களை அதிகாலையிலும், மின்கம்பிகளைப் பிற்பகலிலும் அளக்க வேண்டும். வெயிலிலும் சுமையிலும் கம்பி தொய்யும். அந்தத் தொய்வுதான் நமக்கு வேண்டிய அளவு.

சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டரும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் மாட்டுவது அவை அல்ல. வீட்டு இணைப்புக் கம்பி, கேபிள் டி.வி. கம்பி, இணையக் கம்பி என்று ஊர்களுக்குள் 4.5 மீட்டரில் தொங்குபவைதான் மாட்டுகின்றன. இவை எந்த வரைபடத்திலும் இல்லை. மின்மயமான பாதையின் ரயில்வே கேட்டில் மேல்கம்பி 5.5 மீட்டரில் இருந்தாலும், அதற்கு முன்னால் நிற்கும் உயரச் சட்டம் அதைவிடத் தாழ்வு. நம் 5.20க்கு ரயில்வேயின் தனி அனுமதியும் மின்தடை நேரமும் இல்லாமல் அங்கே வழியில்லை. எனவே கேட் உள்ள பாதைகளுக்கு நிரல் தேடலில் பெரிய தண்ட மதிப்பெண் போட்டு, மேம்பாலப் பாதையைத் தேடும்.

பாலத்தின் அடியில் ஒரே ஓர் உயரத்தை எழுதுவது போதாது. சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரியும், பாலமும் வளைந்திருக்கலாம். 2013 மே 23 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் ஆற்றுப் பாலம் இடிந்தது இப்படித்தான். அனுமதித் தாளில் சுமையின் உயரம் 15 அடி 9 அங்குலம், உண்மையில் 15 அடி 11 அங்குலம். பாலத்தின் மேற்சட்டம் வில்போல வளைந்தது. நடுவில் 17 அடிக்கு மேல் இடம், வலது ஓரத்தில் 15 அடிக்கும் குறைவு. லாரி வலது தடத்தில் போய்ச் சட்டத்தில் மோத, 160 அடி நீளத் துண்டு ஆற்றில் விழுந்தது. அதோடு விழுந்த இரண்டு வண்டிகளில் இருந்த மூவரும் உயிர் தப்பினார்கள். நடுவை ஒட்டிய தடத்துக்கு நகர்ந்திருந்தால் இடம் போதும். ஆகவே நம் பட்டியலில் ஒவ்வொரு மேல்தடைக்கும் இடது ஓரம், ஒவ்வொரு தடத்தின் நடு, வலது ஓரம் என்று தனித்தனி உயரம். எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பது ஓட்டுநர் தாளில்.

அளந்த தேதியும் கட்டாயம். ஒருமுறை மேல்தார் போட்டால் சாலை 25 முதல் 50 மி.மீ. உயரும், 50 மி.மீ. வீதம் இரண்டு முறை போட்டால் நாம் வைத்த 10 செ.மீ. இடைவெளி தீர்ந்தது. ஆறு மாதம் ஆன அளவு தானாகச் சாம்பலுக்குத் திரும்பும்.

டோல் பிளாசாவில் சாதாரணத் தடம் 3.2 மீட்டர், ஓ.டி.சி. தடம் 4.5. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி மூன்றிலும் நம் 3.4 மீட்டர் சரக்கு அந்த அகலத் தடத்தில்தான் போக முடியும். தடுப்புக் கட்டை, கேமரா கம்பம் எல்லாம் போக மிச்சமுள்ள அகலத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். வரைபட அகலத்தை நம்பக் கூடாது.

திருப்பத்துக்குச் சின்னச் சூத்திரம் போதும். ஆரம் 20 மீட்டர் உள்ள திருப்பத்தில், சக்கரம் திரும்பாத 13.5 மீட்டர் டிரெய்லர் 5.2 மீட்டர் உள்ளே வெட்டும். எல்லா வரிசையும் திரும்பும் ஹைட்ராலிக் டிரெய்லர் நடுப்புள்ளியைச் சுற்றுவதால் 1.2 மீட்டர்தான். ஆனால் அதன் பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். அங்கே இருக்கும் கம்பமும் கடைப் பலகையும் பட்டியலில் வர வேண்டும்.

ஏற்றம்: மேம்பாலச் சரிவு 30க்கு 1 என்றால் 165 டன்னுக்கு ஏற்றத்துக்கு 5.5, உருள்தடைக்கு 1.5 சதவீதமாக 2.5, ஆக 8 டன் இழுவிசை. புல்லரின் பின் ஆக்சில்களில் 19 டன் இருந்தால் உலர்ந்த தாரில் (உராய்வு 0.6) 11.4 டன் கிடைக்கும், நனைந்த தாரில் (0.4) 7.6 மட்டுமே. மழையில் சக்கரம் சுற்றும், வண்டி ஏறாது. புல்லரில் பாரம் ஏற்றலாம். ஆக்சில் வரம்பு 28.5 டன் வரை இடம் உண்டு. அல்லது பின்னால் இன்னொரு புல்லரைத் தள்ள வைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் மொத்த எடை மாறும். பாலக் கணக்கை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

ஐந்தாம் கட்டம்: அனுமதிக் கட்டு

ஒரே பாதையில் சாலைக்குப் பல உரிமையாளர்கள். வெளிவட்டச் சாலை மாநிலத்துடையது, அடுத்தது தேசிய நெடுஞ்சாலை, கடைசியில் ஊர்ச்சாலை. ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளரைக் கட்டமாகச் சேர்த்தபின், துறைவாரியாகக் கிலோமீட்டர், பாலங்கள், நிபந்தனைகள் தனித்தனியே பிரிந்து வந்தன. ஆர்.சி., தகுதிச் சான்று, காப்பீடு, ஆக்சில் வரைபடம், சரக்கின் எடைச் சான்று, பாதை ஆய்வறிக்கை, பொறுப்புறுதி (சேதத்துக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழி) எல்லாம் ஒரே தரவுக் கோப்பிலிருந்து அச்சாகின்றன. எடை ஒரு தாளில் 96, இன்னொன்றில் 100 என்று வந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எது சரக்கு, எது கட்டுச்சாமானோடு என்று ஒவ்வொரு தாளிலும் சொல்ல வேண்டும். எடை நிலையத்தில் ஏற்றி எடுத்த சீட்டு 2 சதவீதத்துக்கு மேல் விலகினால் நிரல் முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டும்.

இணையதளத்தில் தானாகப் படிவம் நிரப்பும் முயற்சியைக் கைவிட்டோம். உள்நுழைவுச் சரிபார்ப்பைத் தாண்ட நிரல் எழுதுவது முறையும் இல்லை; படிவம் ஒரு கட்டம் மாறினாலும் எல்லாம் உடைந்துவிடும். படிவத்தின் வரிசையிலேயே அடுக்கிய ஒரு தாளை அச்சிட்டு, ஆள் உட்கார்ந்து ஏற்றுவது வேகமாக முடிகிறது. காப்பீடும் தகுதிச் சான்றும் பயண நாளுக்குப் பின் எத்தனை நாள் செல்லும் என்று மட்டும் நிரல் பார்த்து எச்சரிக்கும். புல்லர் பழுதானால் மாற்று வண்டியின் எண் அனுமதியில் இல்லாமல் நின்றுவிடும் என்பதால், மாற்றுப் புல்லரின் ஆவணங்களும் கட்டில் சேர்கின்றன.

அடுத்த தடவை வழித்தேடியில் தொடங்கப் போவதில்லை. தடைப் பட்டியலையும் அளவைப் படிவத்தையும் முதலில் கட்டி, அலைபேசியில் அளவோடு படமும் இடக்குறியும் சேர்ந்து ஏறும்படி செய்துவிட்டு, அதன் மேல்தான் வழித்தேடியை உட்கார வைப்போம். பாலக் கணக்கில் இப்போது இரு முனை தாங்கிய பாலங்கள் மட்டுமே. ஒரே உத்திரம் பல தூண்களின் மேல் ஓடும் தொடர் உத்திரப் பாலங்களில் நடுத்தூணின் மேல் வரும் எதிர்வளைவைச் சேர்க்கவில்லை. அது சேரும் வரை அத்தகைய பாலம் ஒவ்வொன்றும் சாம்பலாகவே நேராக எஞ்சினியரிடம் போகிறது.